பேரத்துக்குச் சொன்னது

சர்ர்... டொக்.

வீட்டின் பின்பக்கம் யாரோ தகரத்தைத் தரையில் இழுத்து நிறுத்துகிற மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து மூன்றாவது இரவு.

அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றுபோயிற்று. இந்த வீட்டுக்குக் குடிவந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் கால்மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவனை உலுக்கினாள். ஆபீஸ் விட்டு ஆறு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடுகிறவன். முதல் இரண்டு நாளும் பூனை என்று சொல்லித் தட்டிக்கழித்தான். இன்று அவன் காதிலும் விழுந்துவிட்டது.

சமையலறை ஜன்னலை விரலளவு திறந்து பார்த்தாள். பின்கதவுப் படிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் வழுக்கைத் தலை மின்னியது.

“நம்ம கண்டக்டருங்க.”

அவர்களுக்கு வீட்டை விற்றவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி செய்யும்போது பல்பு, கொடிக்கயிறு, சோப்பு வைக்கிற தட்டு வரைக்கும் கழற்றிக்கொண்டு போன புண்ணியவான்.

கணவன் பல்லைக் கடித்தான். விலையைக் குறைக்க வைத்த எரிச்சல் ஆளுக்கு இன்னும் ஆறவில்லை, மிச்சமிருக்கிற குழாயையும் கழற்ற வந்திருக்கிறார், இன்னமும் தன் வீடு என்றே நினைப்பு என்று அடுக்கிக்கொண்டே போனான். பேரம் பேசிய அன்றே அவர் முழி சரியில்லையாம். போலீஸைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். முதலில் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று திரைச்சீலைக் கம்பியை உருவி எடுத்துக்கொண்டான்.

“நீ கதவைத் திற. நான் உன் பின்னாடியேதான் நிக்கிறேன்.”

அந்த வீரத்தை ரசிக்க அவளுக்கு நேரமில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பெரியவர் பதறி எழுந்ததில் டப்பா உருண்டது.

“பயந்துட்டியாம்மா? சத்தம் காட்டாமத்தான் உக்காந்திருந்தேன். இந்த டப்பா காட்டிக்கொடுத்துடுச்சு.”

“இந்த நேரத்துல இங்க என்ன சார் பண்றீங்க?” குரல் அவள் நினைத்ததைவிடக் கறாராகவே வந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். புதுத் தாழ்ப்பாள். நான்கு திருகாணிகள்.

பகலெல்லாம் பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மருமகள் வேலையிலிருந்து வந்த பிறகுதான் கிளம்ப முடிகிறது, இங்கே வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது என்றார். வந்தும் கதவைத் தட்டக் கை வரவில்லையாம். சரி, கடைசி பஸ் வரைக்கும் காவலுக்காவது இருப்போம் என்று இரண்டு ராத்திரியும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

“தட்டியிருக்கலாமே சார்?”

“அது எப்படிம்மா? பொண்ணு தனியா இருக்கிற வீட்டுக் கதவை ராத்திரியில ஒரு ஆம்பளை தட்டலாமா?”

“தனியாவா?”

“நீதானேம்மா விலை பேசின அன்னிக்குக் கண் கலங்கிச் சொன்னே? வீட்டுக்காரருக்கு எப்பவும் நைட் ஷிஃப்ட், பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுது, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்னு. விலையைக் குறைச்சுட்டேன். ஆனா படுத்தா தூக்கம் வரல. காசைக் குறைச்சா கதவு கெட்டியாயிடுமா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. கணவனுடைய ஆபீஸில் நைட் ஷிஃப்ட் என்ற ஒன்றே கிடையாது. அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்து, எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தவன் அவன்தான். இப்போது முதுகுக்குப் பின்னால் கம்பியோடு நிற்கிறான்.

“தம்பி வேலைக்குப் போயாச்சில்ல? நீ குழந்தையோட வாசப்பக்கம் நில்லும்மா. அஞ்சே நிமிஷம், மாட்டிட்டுப் போயிடறேன்” என்று பெரியவர் படியேறினார்.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கம்பி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

கூடத்துக்கு அப்பால், குளியலறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ ஓசைப்படாமல் தாழிட்டுக்கொள்ளப் பார்க்கிற ஓசை கேட்டது.