விழாத வண்டி

"நான் சரின்னு சொல்ற வண்டியைத்தான் வாங்கணும். எதுவுமே சரிப்படலேன்னா இந்தப் பேச்சை இன்னியோட விட்டுடணும். சம்மதமா?"

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன்பு மனைவி இப்படிக் கேட்டார். கணவர் தலையாட்டினார். வேறு வழி?

கணவர் புவியியல் ஆசிரியர். இருபது வருடமாகக் கரும்பலகையில் மலை வரைந்து, சாக்பீஸால் அதற்குப் பாதையும் போட்டு, மாணவர்களை அதில் ஏற்றி இறக்கியவர். நிஜ மலைப்பாதையில், கல்லிலும் மண்ணிலும் குதித்துக் குதித்து ஒரு தடவையாவது பைக்கில் போய்விட வேண்டும் என்ற ஆசை நாற்பத்தாறாவது வயதில் அவரைப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் கெஞ்சியபிறகு இன்றைக்குத்தான் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறார்.

கடைக்காரருக்கு ஆளைப் பார்த்ததுமே எடைபோடத் தெரியும். நேராகச் சிவப்பு வண்டியிடம் கூட்டிப்போனார். கடையிலேயே பெரியது அதுதான். புதிதாக ஓட்டப்போகிறவருக்கு இது தாங்குமா என்று ஆசிரியர் தயங்க, சின்ன வண்டி ஆறே மாதத்தில் அலுத்துவிடும், பழகும்போதே பெரியதில் பழகிவிட வேண்டும் என்று ஒரு தத்துவத்தை எடுத்துவிட்டார். ஆசிரியர் அதற்குள் ஏறி உட்கார்ந்து, மனசுக்குள் இரண்டு மலையைத் தாண்டிவிட்டார்.

"இறங்குங்க," என்றார் மனைவி. "இது ஏத்தத்துல ஆளைத் தள்ளிவிடுற வண்டி. பயத்துல ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குவாங்க. வண்டி மேல போகும், ஆளு கீழ வருவாரு."

சொன்ன விதம், பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வது போலிருந்தது. கடைக்காரர் சிரித்து மழுப்பிவிட்டு, நீல வண்டிக்கு நகர்ந்தார். எடை குறைவு, எஞ்சினும் சின்னது, புதியவர்களுக்கென்றே செய்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

மனைவி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கணவரை ஏறி உட்காரச் சொல்லி, குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நீலத்துல ஓடும்போது யாரும் விழறதில்ல. நிக்கும்போதுதான் விழுவாங்க. கல்லு மேல கால் எட்டாது. அப்படியே சாய்ஞ்சு, கையை ஊனிடுவாங்க."

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. பதினோரு வருடமாக இதே வண்டிகளை விற்கிறார். எந்த வண்டி எப்படி விழும் என்று அவருக்கே தெரியாது. இந்த அம்மா எங்கோ பெரிய பந்தயக்காரராகத்தான் இருக்க வேண்டும். இதுவரை தான் அளந்த அளப்பை நினைத்து அவருக்கு வெட்கமாகவே இருந்தது.

"மேடம் எந்த கிளப்புல ஓட்டுறீங்க?"

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

கடைக்காரர் அவசரமாக மஞ்சள் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சளைப் பற்றித் தன்னிடம் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியரின் முகம் வாடிவிட்டது. மூன்று வருட ஆசை மூன்றே நிறத்தில் முடிந்துவிடும் போலிருந்தது. வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பாவமாக இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. இதுல உக்காருங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மனைவி ஒரு பச்சை வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆசிரியர் ஓடிவந்து உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. வண்டியைப் படுக்கவைத்து, அதை அவரே தூக்கி நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார் மனைவி. முக்கி முனகி, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பறிகொடுத்து, நிறுத்திவிட்டார். மனைவி வண்டியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

"சரி. இதை வாங்கிக்கலாம்."

ஆசிரியருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மனைவி மனம் மாறுவதற்குள் கடைக்காரர் படிவத்தை நீட்டினார். வண்டி தன் பெயரிலேயே இருக்கட்டும் என்று மனைவியே நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியதைக் கடைக்காரர் தலைகீழாகவே படித்தார்: எலும்பு முறிவு மருத்துவர்.

"ஒம்பது வருஷமா எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது," என்றார் மனைவி, கையெழுத்துப் போட்டபடியே. "காலையில மலைக்குப் போவாங்க, சாயந்திரம் என்கிட்ட வருவாங்க. எந்த வண்டி, எப்படி விழுந்தீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதிவெச்சிருக்கேன். சிவப்புல தோள்பட்டை, நீலத்துல மணிக்கட்டு, மஞ்சள்ல எல்லாமே. இந்தப் பச்சையில இருந்து விழுந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்ல."

ஹெல்மெட் பார்க்க மனைவி மாடிக்குப் போனார். ஆசிரியர் கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒம்பது வருஷத்துல ஒருத்தர்கூட விழலையாமே. அப்படி என்ன சார் இருக்கு இந்த வண்டியில?"

கடைக்காரர் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மாடல் வெளியில வந்தே நாலு நாள்தான் சார் ஆகுது. முதல் வண்டியே உங்களுதுதான்."