பதினைந்து நிமிட ஆறுதல்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்நாட்டு இளைஞர்களின் மனப்பாரத்தைப் பதினைந்தே நிமிடப் பேச்சில் இறக்கிவைக்கும் மகத்தான முறையை, மூன்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின் மல்லேஸ்வரம் டாக்டர் ரங்கா கண்டுபிடித்துவிட்டார்.

வெள்ளோட்டத்தன்று காலை, உதவியாளர் ஸ்னேஹா முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மனசுல என்ன உறுத்துது?"

எதிர் நாற்காலியிலிருந்து தயங்கித் தயங்கிப் பதில் வந்தது.

"ஹாஸ்டல் ரூம்மேட் வாசு. எட்டாவது கிராஸ் தெருக் கடையில ஒரே காபியை பை-டூன்னு சொல்லி, ரெண்டு கிளாஸ்ல வாங்கிக் குடிப்போம். நுரை யாருக்குன்னு தினம் தகராறு. கடைசிப் பரீட்சை அன்னிக்கு நிஜமாவே சண்டை. அதோட பேச்சு நின்னுபோச்சு."

"இன்னும் நினைப்பு வருதா?"

"தனியா முழுக் காபி குடிக்கிறப்பல்லாம்."

"நம்பர் இருக்கா?"

"வாங்கி வெச்சிருக்கேன். போடத்தான் கூச்சம்."

"இப்பவே போடுங்க. அதுதான் நம்ம முறையில கடைசிப் படி."

ஸ்பீக்கரில் மணி அடித்து, யாரோ எடுத்தார்கள்.

"வாசு, நுரை இனிமே உனக்கே."

அந்தப் பக்கம் ஒரு கிழச் சிரிப்பு வெடித்தது.

"ரங்காவா? டேய், உயிரோடதான் இருக்கியா? எனக்குப் பேத்தியே பிறந்தாச்சுடா. சாயங்காலம் வா, பை-டூ போடலாம்."

டாக்டர் ரங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், ஒத்திகைக்கு மாணவன் மாதிரி நடிக்கிறேன்னுதானே உட்கார்ந்தீங்க?"

"அதுக்கென்னம்மா, முறை வேலை செய்யுது. வெளியில காத்திருக்கிற ரெண்டு பசங்களையும் கூப்பிடு."

ஸ்னேஹா கதவைத் திறந்தாள். தனித்தனியாக வந்து காத்திருந்த மாணவர்கள் இருவரும், சேர்ந்து பை-டூ காபி குடிக்கப் போய்விட்டிருந்தார்கள்.