யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க

கடைசி இடத்தில் கிடந்த தொடக்கப் பள்ளி ஒரே வருடத்தில் முதலிடத்துக்கு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கல்வி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

பாட நேரத்தில், ஆசிரியர் அறையில் இரண்டு டீச்சர்கள் குசுகுசுவென்று வம்பளந்துகொண்டிருந்தார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அது வீட்டை விட்டே போயிடுச்சாம்."

"அய்யோ, ஏன்?"

"அந்தச் சூட்டைத் தாங்க முடியலையாம். போன இடத்துல ஒரே குளிராம். கடைசியில அழுதுகிட்டே பொறந்த வீட்டுக்குத் திரும்பிடுச்சாம்."

அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பக்கத்து ரூம்ல மூணாம் வகுப்பு கேட்பாரில்லாமக் கெடக்கு. இங்க ஊர்வம்பா?"

கூடவே வந்த தலைமையாசிரியை உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாப் பேசுங்க சார், பாடம் நடக்குது. எதிர்ல நின்னு தொண்டை கிழியக் கத்தினப்போ ஒண்ணும் ஏறல. அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு பேசினா ஒரு எழுத்து விடறதில்ல."

அதிகாரி பலகைத் தடுப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு மொத்தமும் பலகையில் காதை ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

"கடல் தண்ணிதான்டி. ஆவியாப் போயி, மேகமாகி, மழையாத் திரும்பிடுச்சாம். டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாத."