வண்டி பார்க்க வந்தவர்

“இந்த ஆளுகிட்டயாவது வாயைத் தொறக்காம இருங்க. வண்டி ஓடுமான்னு கேட்டா, ஓடும்னு சொல்லுங்க. அவ்வளவுதான்” என்று கணவரின் காதோரம் கிசுகிசுத்தாள் அருள்ஜோதி.

ஜோசப்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இதற்கு முன் வண்டி பார்க்க வந்த எல்லோரிடமும் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இன்றைக்கு வந்தவர் திருவிடைமருதூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் ரோட்டில் நடந்தே வந்திருந்தார். அருள்ஜோதி கொடுத்த மோரைக்கூட அப்படியே வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார்.

ஜோசப்ராஜ் தார்ப்பாயை விலக்கினார். சிவப்பு வண்டி பளிச்சென்று நின்றது. வந்தவர் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகுதான் குனிந்தார்.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கி எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்த்தார். செயினை விரலால் தூக்கித் தளர்வு பார்த்தார். முன்சக்கரத்தைச் சுழற்றி, ரிம் கோணலாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பின்சீட்டை மட்டும் உள்ளங்கையால் மறுபடி மறுபடி அழுத்தினார்.

“ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே.”

ஒரே உதையில் கிளம்பியது. துளி புகை இல்லை. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

“தங்கமா வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் விக்கிறீங்க?”

“புது வண்டி எடுக்கப்போறோம்” என்று முந்திக்கொண்டாள் அருள்ஜோதி.

“அது இல்லைங்க” என்றார் ஜோசப்ராஜ்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் ஐப்பசி மழையில ஒருத்தர் ரோட்டோரமாக் கிடந்தாரு. லாரி அடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. முகம் பூரா சேறும் ரத்தமும். ரோடெல்லாம் தண்ணி. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னாங்க. வேட்டியை அவுத்து, அவரை என் முதுகோட சேத்துக் கட்டிக்கிட்டு, டவுசரோட ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கேருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினாங்க. வழியிலயே உயிர் போயிடுச்சுன்னு மறுநாள் டீக்கடையில பேசிக்கிட்டாங்க. அடிபட்டவரை உக்கார வச்சுக் கொண்டுபோனதாலதான் போச்சுன்னாங்க.”

அவர் குரல் இறங்கியது.

“அன்னியிலேருந்து இதை ஓட்டுறதில்லைங்க. ஸ்டார்ட் பண்ணி வைக்கிறதோட சரி. ஏறி உக்காந்தா முதுகுல அந்தப் பாரம் தெரியுது. வாங்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க.”

வந்தவர் செருப்பைத் தேடவில்லை. கீழே கிடந்த தார்ப்பாயை எடுத்து, மடித்து ஓரமாக வைத்தார்.

“ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமாண்ணே?”

அருள்ஜோதி அசந்துபோய் நின்றாள். ஜோசப்ராஜ் அவசரமாக வண்டியை வெளியே தள்ளி வந்து அவரிடம் கொடுத்தார்.

“இல்லண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்.”

“என்னால முடியாதுங்க.”

“மெதுவாப் போங்க. எனக்காக.”

ஜோசப்ராஜ் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி தெருவைத் தாண்டி வாய்க்கால் கரை ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்த வயல்கள். ஜோசப்ராஜ் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தார். வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். சட்டென்று, பின்னால் இருந்தவர் அவர் முதுகில் சாய்ந்தார். அதே பாரம். அதே இடத்தில்.

“இங்கே நிறுத்துங்கண்ணே. இந்த மதகுகிட்டதானே?”

ஜோசப்ராஜுக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. அடிபட்டவர் கிடந்த இடத்தை அவர் சொல்லவே இல்லை.

வண்டியை நிறுத்தி, தடுமாறி இறங்கினார்.

“நீங்க அவருக்கு அண்ணன் தம்பிங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சேன்.”

வந்தவர் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“புரோக்கர்கிட்ட வண்டி கேட்டேன். குத்தாலத்துப் பக்கம் ஒரு செவப்பு வண்டி இருக்கு, ஆனா அதுல ஒருத்தர் செத்திருக்காரு, வேணாம்னாரு. எங்கே நடந்துச்சுன்னு கேட்டேன். இந்த மதகைச் சொன்னாரு. பின்னாடி உக்காந்து பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்னு வந்தேன்.”

“என்ன தெரியணும்?”

“அன்னிக்கு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தீங்கண்ணே. ‘கண்ணை மூடாதீங்க, உங்க பேரு என்ன, எத்தனை புள்ளைங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. எனக்கு எல்லாம் காதுல விழுந்துச்சு. வாய்தான் எழும்பலை.”

ஜோசப்ராஜ் மெல்லக் கையை விடுவித்து அவர் கன்னத்தைத் தொட்டார். சூடாக இருந்தது.

“ஆண்டவரே!” என்றார்.

“என் பேரு தங்கையன்” என்றார் வந்தவர். “ரெண்டு பொண்ணுங்க.”