இன்னும் 212 நாள்

வாசல் சுவரிலிருந்த பலகை, கட்டடம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று காட்டும். இன்று காலை 212. யாராவது தடதடவென்று நடந்தால் ஒரு நாள் குறைந்துவிடும். போக்கிடம் இல்லாதவர்கள்தான் அங்கே குடியிருந்தார்கள். நாலாம் மாடி ஜெசிந்தா, மகள் ரீனாவுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே நுனிக்காலில்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "உங்க பொண்ணு பாண்டி ஆடச் சொன்னா குதிக்கவே மாட்டேங்குறா. கால்ல ஏதாவது பிரச்சனையா?"

பள்ளி மைதானத்தில் ஜெசிந்தா மகள் பக்கம் குனிந்தாள். "இது வெறும் மண்ணுடி. குதி, ஒண்ணும் ஆகாது."

ரீனா பயந்து பயந்து ஒருமுறை குதித்தாள். பிறகு நிறுத்தவே இல்லை.

சாயங்காலம் வீட்டுப் படிக்கட்டிலும் அம்மாவின் கையை உதறிவிட்டுக் குதித்துக் குதித்து ஏறினாள். மாடிக்கு மாடி கதவுகள் திறந்தன. யாரும் கத்தவில்லை. கத்தினாலும் ஒரு நாள் குறையும்.