மூன்றாவது ரெகுலேட்டர்
ஆரணியில் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால், கழிவுநீரைக் கண்காணித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் அனுப்பும் கருவியின் அருகே விடிந்ததிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பழுதுபார்க்க வந்த சுகன்யா. சோலார் பலகையிலிருந்து கருவியின் பேட்டரிக்குக் கரண்ட்டை அளவாக அனுப்பும் ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றியும் பேட்டரி தினமும் செத்துப்போகிறது. மூன்றாவது ரெகுலேட்டர் அவள் பையில் இருக்கிறது. காரணம் தெரியாமல் அதை வெளியே எடுக்கப்போவதில்லை. இப்போது மாட்டியிருப்பதில் பச்சை விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. வெயில் ஏறுகிறது. பட்டறைக்காரர் அருணகிரி ஈரப் பட்டுநூல் தொங்கும் மூங்கிலைக் கொண்டுவந்து, பலகையை மறைத்தாற்போல் நட்டிருக்கும் இரண்டு கவைக்கொம்புகளில் ஏற்றுகிறார். பலகைமேல் நிழல் விழுகிறது. பச்சை அணைகிறது. “இன்னாம்மா, இன்னும் பாத்துகினு கீற? ரெகுலேட்டர ஜல்தி மாத்திட்டு கெளம்பு.” அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். “எங்கப்பாவும் சாயம் போட்டவருதாங்க. பட்ட நெழல்லதான் காய வெப்பாரு. வெயில்ல வெச்சா கலரு வெளுத்துடாதுங்களா?” அருணகிரி காய்ந்த கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் பின்னால் கொட்டகை நிழல் காலியாகக் கிடக்கிறது. சுகன்யா பையைத் திறக்கவில்லை. எழுந்துபோய் மூங்கிலைத் தன் தோளில் ஏற்றுகிறாள். ஈரநூல் முதுகை நனைக்க, கொட்டகையைப் பார்த்து நடக்கிறாள். பின்னால் பச்சை எரிகிறது.