வெட்டி எடுத்த வாய்

முதலில் வாயைத்தான் வெட்டினாள் ரெட்டைப் பின்னல். கத்தரிக்கோல் நுனியை உதட்டுக்கு நடுவில் குத்தி, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டின வாயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

விடுமுறை முகாமில் கைவேலை சொல்லித்தரும் கோந்து மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து, கெட்டித் தாளில் பிரிண்ட் எடுத்து வந்த அனிமே கார்ட்டூன் முகம் அது. பூனைக் காது, பாதி முகத்துக்குக் கண். மற்ற பிள்ளைகள் வண்ணம் தீட்டி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் கட்டி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் கண்ணு, அந்தச் சிரிச்ச வாய் உன்னை என்ன பண்ணுச்சு?"

"வாயை மூடிட்டா எப்படி மிஸ் பேசறது?"

"நான் பேசலையா? இதோ, பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

மிஸ்ஸின் முகத்திலும் சிரிக்கிற நரி மாஸ்க் ஒன்று. கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகிற வரைக்கும் யாரும் கழற்றக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

ரெட்டைப் பின்னல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விவரம் தெரியாதவர்களிடம் என்ன பேச்சு என்கிற மாதிரி.

ஐந்தரைக்குள் எல்லோரையும் கூட்டிப் போய்விட்டார்கள். நூலகத்தின் பின்னறையில் மிச்சம் அவள் ஒருத்திதான். மூன்று நாளும் முதல் ஆளாக வந்து நின்ற அவள் அம்மாவை இன்று காணோம். போன் செய்தால் அடித்துக்கொண்டே இருந்தது.

"கையெல்லாம் கோந்து மிஸ், கழுவிட்டு வரேன்" என்று பூனை மாஸ்க்கோடு அறையை ஒட்டிய குழாயடிக்கு ஓடினாள்.

அவள் போன கையோடு நூலகர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"மிஸ், சத்தம் போடாதீங்க. ஜன்னலுக்கு வெளியில ஒருத்தன் நிக்கறான் பாத்தீங்களா? அரை மணி நேரமா உள்ளயே பாத்துக்கிட்டு நிக்கறான்."

எட்டிப் பார்த்தாள். நெட்டையான ஆள். கண்ணாடியில் மூக்கு உரசுகிற மாதிரி நின்று, அறையைத் துழாவிக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருப்பாரோ?"

"வந்தா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? பின்னால நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவ்வளவு நெஞ்சழுத்தம்! இருங்க, வாசல் காவலாளியைக் கூட்டியாறேன்."

"சார், என்னைத் தனியா விட்டுட்டு..." என்பதற்குள் அவர் போய்விட்டார்.

மிஸ் பதிவேட்டைப் புரட்டினாள். ரெட்டைப் பின்னலின் பெயருக்கு நேரே, கூட்டிச் செல்ல வருபவர்: அம்மா. அவ்வளவுதான். வேறு யாரோடும் பிள்ளையை அனுப்பக் கூடாது, அதுவும் அவள் போட்ட சட்டம்தான்.

ஜன்னலைப் பார்த்தாள். ஆளைக் காணோம்.

தாழ்ப்பாளைப் போடலாமென்று ஓடினால், போன வருஷம் அடித்த பெயின்டில் அது ஒட்டிக்கொண்டு வருவேனா என்றது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"யாரு நீங்க? யாரு வேணும்?"

அந்த நெட்டை ஆள்தான். அவள் முகத்தையே பார்த்தபடி ஓர் அடி வைத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்! அங்கயே நில்லுங்க!"

இன்னும் ஓர் அடி. சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அம்மா கொடுத்தனுப்பினார் என்று சீட்டைக் காட்டிப் பிள்ளையைக் கொண்டுபோகிற ஆட்களைப் பற்றி அவள் கேள்விப்படாததா? தொடவில்லை.

கைக்கு அகப்பட்ட கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். பிள்ளைகளுக்கான மொண்ணைக் கத்தரிக்கோல். காகிதத்தையே கெஞ்சித்தான் வெட்ட வேண்டும்.

"கிட்ட வந்தீங்க, குத்திடுவேன்! சார்! சார்! யாராவது வாங்களேன்!"

அவன் நெற்றியைச் சுருக்கினான். சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையை மெல்ல உயர்த்தி, அவள் முகத்தை நோக்கிக் கொண்டுவந்தான். இரண்டு விரல்கள் நரி மாஸ்க்கின் ஓரத்துக்கு நேரே வந்து, தொடாமல் நின்றன. அவன் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது பேச்சாக இல்லை.

குழாயடிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. ஈரக் கையை உதறிக்கொண்டு ரெட்டைப் பின்னல் வந்தாள்.

"வராதே கண்ணு! ஓடு!"

அவளா ஓடுவாள்? நேரே வந்தாள். மிஸ் பாய்ந்து அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மொண்ணைக் கத்தரிக்கோலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"என்னைத் தாண்டித்தான் இவளைத் தொடணும்!"

அப்போதும் அவன் அந்த நரியின் சிரிப்பையே உற்றுப் பார்த்தபடி நின்றான்.

முதுகுக்குப் பின்னாலிருந்து பூனைக் காது இரண்டு மெல்ல எட்டிப் பார்த்தன. வெட்டின ஓட்டைக்குள் ஒரு பொக்கைப் பல் சிரிப்பு தெரிந்தது.

"மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்க மிஸ், அப்பா வாயைப் பாத்துத்தான் கேப்பாரு!"